முதல் பந்தியில் அகத்திக்கீரை

வாங்க தம்பி, முதல்ல கையைக் கழுவிட்டு வந்து இலையில உட்காருங்க. பேச வேண்டியதைச் சாப்பிட்டுக்கிட்டே பேசலாம். அவசரமாப் போகணும், காபி போதும்னெல்லாம் சொல்லக் கூடாது. எங்க இலையைத் தொடாம எழுந்து போனவங்க ஏற்கெனவே நிறையப் பேர் இருக்காங்க. நீங்களும் அதுல ஒருத்தரா ஆக வேண்டாம்.

சுகந்தி, தம்பிக்கு இலை போடு. லால்குடியிலேருந்து வந்திருக்கார். தங்கச்சிக்கு ஆவணியில கல்யாணமாம். நம்ம பொண்ணு கோதையோட கல்யாணப் பத்திரிகையை யாரோ போன்ல அனுப்பியிருக்காங்க, அதைப் பார்த்துட்டு வந்திருக்கார்.

என்ன இலையையே பார்க்குறீங்க? ஆமா, முட்டைக்கோஸ்தான். அது பீன்ஸ். சாம்பார்ல கேரட். எல்லாம் மலையிலேருந்து லாரியில வந்து, குளித்தலை மார்க்கெட்டுல இறங்கினது. 'இருபது கல் சுற்றளவில் விளைந்தவை மட்டுமே இலையில்'னு பத்திரிகையில கொட்டை எழுத்துல போட்ட ஆளோட வீட்டுல கோஸ் பொரியலான்னு யோசிக்கிறீங்க. யோசிங்க, தப்பில்ல. நெய் ஊத்திக்கங்க.

சமையல்காரங்க நம்பர்தானே கேட்டீங்க? தர்றேன். அவங்க மேல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு முன்னால நடந்ததைக் கேட்டுக்கங்க. கேட்டுட்டு, அப்பவும் வேணும்னா வாங்கிக்கங்க.

நான் மெல்பர்ன்ல இருபது வருஷத்துக்கு மேல இருந்தேன். அங்க சனிக்கிழமை காலையில ஒரு சந்தை போடுவாங்க. விளைவிச்சவனே கொண்டு வந்து விப்பான். அவன் ஊர் உருளைக்கிழங்கைப் பத்தி அவன் பேசறதைக் கேட்கணுமே! எந்தச் சரிவுல போட்டேன், மழை எப்படி இருந்துச்சு, தோலைச் சீவாம வேக வைங்க, அப்படின்னு பெத்த பிள்ளையைப் பத்திச் சொல்ற மாதிரி சொல்வான். பையோட நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். நம்ம காவிரிக்கரையில விளையறதைப் பத்தி நாம யாராவது இப்படிப் பேசியிருக்கோமான்னு நினைப்பேன். அங்க நின்னுக்கிட்டு இங்க இருக்கறதை நினைக்கிறது ரொம்ப சுலபம் தம்பி.

திரும்பி வந்து பார்த்தா, இங்க கல்யாண வீட்டுல எல்லாம் கோபி மஞ்சூரியன். பனீர் பட்டர் மசாலா. கைக்குட்டை மாதிரி ஒரு ரொட்டி. மண்டபத்துக்குப் பின்னால வாழைத்தோட்டம், கைக்கு எட்டுற தூரத்துல குலை தொங்குது, உள்ளே காளான் வறுவல் பரிமாறறாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. எங்க போனாலும் இதையே பேசினேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவுல பேசினேன், கோயில் கூட்டத்துல பேசினேன். கேட்டவங்க எல்லாம் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னாங்க. 'பேசறது சரி, நீங்க செஞ்சு காட்டுங்க'ன்னு ஒருத்தர் சொன்னார். கோதைக்கு வரன் முடிஞ்சதும் செஞ்சு காட்டிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

மாப்பிள்ளை வீடு முசிறிப் பக்கம். சம்பந்தி திருவேங்கடம், நல்ல மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார். அந்தம்மா சௌந்தரம் கொஞ்சம் சாஸ்திரம் சம்பிரதாயம் பார்க்குறவங்க. பார்த்துட்டுப் போகட்டும், நமக்கென்னன்னு இருந்தேன். பையன் செந்தூரன் தங்கமான பையன். கோதை மெல்பர்ன்ல வளர்ந்த பொண்ணாச்சே, நம்ம ஊர்ல போய் வாழ்வாளான்னு அந்தம்மாவுக்கு முதல்லேயே ஒரு தயக்கம் இருந்துச்சு. அதை நீங்க ஞாபகம் வச்சுக்கணும். அந்தத் தயக்கத்தைப் போக்கற மாதிரி ஒரு விருந்து போடணும்னுதான் நான் நினைச்சேன். சத்தியமா அதுதான் நினைச்சேன். இந்த வீடு மண்ணோட ஒட்டின வீடுன்னு அவங்களுக்குத் தெரியணும்.

என்ன சுகந்தி? ...ம். சரி, சொல்றேன். என்ன காய் போடுறீங்கன்னு இவ என்னைக் கேட்டா. ஒரு தடவை இல்ல, பல தடவை கேட்டாளாம். 'உங்க சித்தப்பாகிட்ட ஒரு வார்த்தை கலந்துக்கங்க'ன்னும் சொன்னாளாம். இவ திருச்சி டவுன்ல வளர்ந்தவ, கல்யாணம் ஆன கையோட என்கூட விமானம் ஏறினவ. இவளுக்கு மட்டும் இந்த ஊர் முறை என்ன தெரியும்? ஏதோ மனசுல பட்டுச்சு, கேட்டா. நான்தான் 'பந்தியில வந்து பாரு'ன்னுட்டேன். எல்லாருக்கும் அது ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு மூடி வச்சேன். ஆச்சரியமாத்தான் இருந்துச்சு.

ரசம் விட்டுக்கங்க தம்பி.

வைகாசிக் கல்யாணம். வைகாசியில எங்க பக்கத்துல என்ன விளையுது? நீங்களே சொல்லுங்க, நீங்களும் காவிரிக்கரை ஆளுதானே. வாழை இருக்கு, அது எப்பவும் இருக்கு. பந்தல்ல பாகற்காய் தொங்குது. மேட்டுக்காட்டுல எள்ளு அறுத்துக் காய வச்சிருக்காங்க. அப்புறம் வெத்தலைக் கொடிக்கால். கொடிக்கால்னா வெத்தலைக் கொடி ஏறறதுக்கு வரிசையா அகத்தி நட்டிருப்பாங்கல்ல, பச்சைப் பந்தல் மாதிரி, உள்ளே போனா குளுகுளுன்னு இருக்கும். இருபது கல் சுற்றளவுல அதைவிட அழகான இடம் கிடையாது. வேற ஊர்ல எங்க கிடைக்கும் அந்தக் கீரை? சென்னையிலேருந்து வந்த அந்தப் பாரம்பரியச் சமையல் பசங்க, தாடியும் கதர் ஜிப்பாவுமா, கொடிக்காலுக்குள்ள நின்னு போட்டோ எடுத்து மாளல.

இப்ப உங்க முகம் மாறுது. நீங்க சட்டுனு பிடிச்சுட்டீங்க. எனக்குத் தெரியல தம்பி.

பொன்னுரங்கம்னு ஒருத்தர், கொடிக்கால்காரர். கல்யாணத்துக்கு முன்னாடி நாள் சாயங்காலம் கீரை அறுக்கச் சொல்லிப் போயிருந்தேன். கட்டுக்கட்டா வேணும்னதும் மனுஷன் தலையில கட்டியிருந்த துண்டை அவுத்துக் கையில எடுத்துக்கிட்டார். 'ஐயோ, யாருங்க?'ன்னார். எனக்குப் புரியல. யாருக்குன்னு கேட்கறார்னு நினைச்சுக்கிட்டு, 'நம்ம வீட்டுக் கல்யாணம்ங்க, பொண்ணுக்கு'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அவர் என் மூஞ்சியைப் பார்த்தார். பார்த்துக்கிட்டே இருந்தார். 'அப்படிங்களா'ன்னு சொல்லிட்டு, துண்டைத் திரும்பக் கட்டிக்கிட்டு அறுக்கப் போயிட்டார். தன் கொடிக்கால் கீரை கல்யாணப் பந்தி ஏறுதேன்னு நெகிழ்ந்துட்டார்னு நான் நினைச்சேன். வீட்டுக்கு வந்து இவகிட்ட அதைச் சொன்னேன் வேற. கண்ணு கலங்கிடுச்சு அந்த மனுஷனுக்குன்னேன்.

மறுநாள் முகூர்த்தம் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. முதல் பந்தி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை உட்கார வச்சேன். பெண் வீட்டுப் பெரியவர்னு சித்தப்பாவைக் கூப்பிட்டு சம்பந்திக்குப் பக்கத்துல உட்கார வச்சதும் நான்தான். வையாபுரின்னு பேரு, எங்க அப்பாவோட கூடப் பிறந்த தம்பி. எங்க அப்பாவுக்குக் கொள்ளி வச்சது அவர் மகன்தான். நான் ஒரே பையன், ஆனா அப்ப வர முடியல. அதை அப்புறம் சொல்றேன்.

இலையில என்ன இருந்துச்சுன்னு கேளுங்க. வாழைக்காய்ப் பொரியல். பாகற்காய்க் குழம்பு. அகத்திக்கீரை, பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டு. இனிப்புக்கு வெல்லம் போட்ட எள்ளுருண்டை. ஒண்ணுல ஒரு குறை சொல்ல முடியாது தம்பி. அகத்தியில கசப்பே தெரியல, அப்படிப் பக்குவம்.

நான் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நடுவுல நின்னேன். ஆமா, மைக்கு. ஒவ்வொண்ணும் எந்தத் தோட்டம், யாரு விளைவிச்சாங்கன்னு சொல்லணும்ல. 'இலையின் ஓரத்தில் இருக்கும் எள்ளு நம்ம மேட்டுக்காட்டு எள்ளு'ன்னேன். 'அகத்தி, நம் பொன்னுரங்கம் ஐயாவின் கொடிக்கால் அகத்தி'ன்னேன். எள்ளுன்னு சொன்னதுமே ஒரு பொம்பளை கையை இலையிலேருந்து எடுத்துட்டாங்க. நான் கவனிச்சேன். ஏதோ பல்லு வலி போலன்னு நினைச்சுக்கிட்டு அடுத்த பதார்த்தத்துக்குப் போயிட்டேன்.

யாரும் சாப்பிடல. பேச்சும் இல்ல. நான் சொல்றதை உன்னிப்பாக் கேட்கறாங்கன்னு நினைச்சேன். சம்பந்தி திருவேங்கடம் மெதுவாத் திரும்பி சித்தப்பாவைப் பார்த்தார். பந்தியே சித்தப்பாவைத்தான் பார்த்துக்கிட்டிருந்துச்சு. அவர் குனிஞ்ச தலை நிமிரல. சோத்தைப் பிசைஞ்சார். சாப்பிட ஆரம்பிச்சார். பாகற்காய்க் குழம்பு, கீரை, வாழைக்காய், ஒண்ணையும் விடல. அவர் ஒருத்தர்தான் ருசிச்சுச் சாப்பிட்டார். எள்ளுருண்டையை மட்டும் கொஞ்ச நேரம் கையில வச்சுக்கிட்டே இருந்துட்டு அப்புறம் வாயில போட்டுக்கிட்டார். இலையை விரலால வழிச்சார். எனக்குப் பூரிப்பு. பாருங்க, பழைய மனுஷனுக்குத்தான் நாக்கு இருக்குன்னு அந்த சமையல்காரப் பையன்கிட்டக் காட்டினேன்.

அப்புறம் இலையை மடிச்சார். தனக்கு எதிர்ப்பக்கமா.

நான் சொல்லணுமா உங்களுக்கு? நம்ம பக்கமா மடிச்சா உறவு நிலைக்கட்டும்னு அர்த்தம். அந்தப் பக்கமாத் தள்ளி மடிக்கிறது சாவு வீட்டுல. இந்தச் சாப்பாடு இந்த வீட்டுல திரும்ப வேண்டாம்னு. அதுவும் எனக்கு அப்புறம் ஒருத்தர் சொன்னதுதான். அன்னைக்கு நான் பார்த்தது, அவர் மடிச்சதும் சம்பந்தி மடிச்சார், அவருக்குப் பக்கத்துல இருந்தவர் மடிச்சார், அப்படியே வரிசை முழுக்க, எதிர் வரிசை, பொம்பளைங்க வரிசை, எல்லாரும் அந்தப் பக்கமா. சாப்பிடாத இலைங்க தம்பி. மடிக்க மடிக்க சோறு ரெண்டு ஓரமும் பிதுங்குது. நான் இன்னும் மைக்கைப் பிடிச்சிட்டுத்தான் இருந்தேன்.

சித்தப்பா கை கழுவிட்டு வந்தார். நான் ஓடிப்போய் 'எப்படி இருந்துச்சு சித்தப்பா?'ன்னேன். துண்டால வாயைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்: 'எல்லாம் சரியா இருந்துச்சுப்பா. உங்கப்பன் கருமாதிக்கு நான் போட்டதும் இதேதான். அன்னைக்கு வாழைக்காய் இன்னும் கொஞ்சம் வெந்திருந்துச்சு.'

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? வாழைக்காய் வேகலைன்னு சமையல்கட்டுக்குப் போய் அந்தப் பையனைத் திட்டினேன்.

திட்டிக்கிட்டு இருக்கும்போதுதான் வெளியே சத்தம். சௌந்தரம்மா இவளைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'ஏங்க, பொண்ணைக் கட்டிக் குடுக்குறீங்களா, இல்ல எங்க பையனையும் சேர்த்துத் தலை முழுகுறீங்களா? தாலி கட்டின ஈரம் காயல, கருமாதி இலை போட்டு உட்கார வச்சிருக்கீங்க! இதுல எங்க எள்ளு, எங்க கீரைன்னு மைக்குல வேற!' இவ கையைக் கும்பிட்டபடி நிக்கிறா. எனக்கு அப்பத்தான் ஒவ்வொண்ணா விளங்குது. பொன்னுரங்கம் துண்டை அவுத்தது. பல்லு வலி. சித்தப்பா சொன்ன வாழைக்காய். நான் அப்பவும் வாயை மூடல தம்பி. 'அம்மா, இது மூடநம்பிக்கை, கீரையில ஏதும்மா சாவு, வைகாசியில இங்க விளையறதே இதுதானே'ன்னு விளக்க ஆரம்பிச்சேன். திருவேங்கடம் என் தோள்ல கை வச்சார். 'சம்பந்தி, போதும்'னார். அவ்வளவுதான் சொன்னார். அவர் கத்தியிருந்தா பரவாயில்ல.

மாப்பிள்ளையும் பொண்ணும் சாப்பிட வேண்டிய இலை தனியாப் போட்டு வச்சிருந்தோம், சுத்திக் கோலம் போட்டு. அதுல உட்கார விடமாட்டேன்னுட்டாங்க. மாப்பிள்ளை வீட்டார் வந்த வண்டியிலேயே எல்லாரும் ஏறிட்டாங்க. கோதையும் ஏறினா. ஏறாம என்ன பண்ணுவா? வண்டி புறவழிச்சாலையில ஒரு ஓட்டல் வாசல்ல நின்னிருக்கு. பட்டுப்புடவையும் மாலையுமா என் பொண்ணு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டது அங்கதான். வாழை இலை மாதிரி வெட்டின காகிதத்துல. வாழை இலை மாதிரி பச்சை அச்சடிச்ச காகிதம்! போட்டோகிராபர் கடமை தவறாம அங்கேயும் போய் எடுத்துட்டான். ஆல்பத்துல இருக்கு. காட்டச் சொல்றீங்களா? வேண்டாம்.

ஆளுங்க இல்லாத மண்டபத்துல அண்டா அண்டாவா அகத்திக்கீரை. ஏழைங்களுக்குக் குடுத்துடலாம்னு ஒருத்தர் சொன்னார். கல்யாண வீட்டுக் கருமாதிச் சோத்தை யாரு வாங்குவாங்க? மாடு தின்னுச்சு.

தம்பி, நீங்களே சொல்லுங்க. இது எனக்கு எப்படித் தெரியும்? பாகற்காய், வாழைக்காய், அகத்திக்கீரைன்னா எங்க பக்கத்துல கருமாதிச் சமையல்னு எந்தப் புத்தகத்துல இருக்கு? நான் தமிழும் படிச்சேன், இங்கிலீஷும் படிச்சேன். ரெண்டுலயும் இல்ல. உட்கார்ந்து சாப்பிட்டிருந்தாத்தானே தெரியும்? நான் எந்தக் கருமாதிப் பந்தியில உட்கார்ந்தேன்? பதினேழு வயசுல வெளியூர் ஹாஸ்டல், அப்புறம் வேலை, அப்புறம் விமானம். அப்பா போனப்பகூட ஆபீஸ்ல ஒரு பெரிய வேலை முடியற நேரம், விட்டுட்டு வர முடியல. எல்லாத்தையும் போன்ல வீடியோவுல பார்த்தேன். குளிப்பாட்டினது, தூக்கினது, கொள்ளி வச்சது வரைக்கும் பார்த்தேன். சாப்பாட்டை யாரு வீடியோவுல காட்டுவாங்க, சொல்லுங்க? யாராவது ஒருத்தர் இலைப்பக்கம் போனைத் திருப்பியிருந்தா எனக்கு இன்னைக்கு இந்த அவமானம் உண்டா?

மோர் ஊத்தட்டுமா? வேணும்னா வெட்கப்படாமக் கேளுங்க.

மறுவீட்டு விருந்துக்கு வரல. சரி, கோபம் ஆறட்டும்னு விட்டோம். ஆடிக்குப் பொண்ணை அழைச்சுக்கணும்ல, வரிசைத் தட்டோட போனோம். திருவேங்கடம் நல்லாத்தான் பேசினார். சௌந்தரம்மா உள்ளேயிருந்து வரல. கோதை தண்ணி கொண்டு வந்து குடுத்தா. இளைச்சிருந்தா. 'அத்தை மனசு ஆறினதும் வர்றேம்பா'ன்னா. அவ போன் பண்ணாம இல்ல, தினம் பண்ணுவா. 'சாப்பிட்டீங்களாப்பா?'ன்னு கேட்பா. ம்னு சொல்வேன். அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் ஓடாது. முன்னெல்லாம் மணிக்கணக்காப் பேசற பொண்ணு. அந்த வீட்டுல ஏதாவது ஒரு பாத்திரம் கீழே விழுந்தாக்கூட எங்க வீட்டு இலையைத்தான் சொல்றாங்களாம். என்கிட்ட அவ சொல்லல. இவகிட்டச் சொல்லி அழுதிருக்கா.

கடைசியில சித்தப்பாகிட்டப் போனேன். அவர் ஒரு வார்த்தை சொன்னா அந்தம்மா கேட்பாங்க, ஊர்ல அவருக்கு அப்படி மதிப்பு. கயித்துக்கட்டில்ல படுத்திருந்தார். எழுந்திருக்கல. நான் சொன்னதெல்லாம் கேட்டுட்டு, 'ஆவணியில உங்கப்பன் திதி வருது. வருஷா வருஷம் நானும் என் பையனும்தான் படைக்கிறோம். இந்த வருஷம் நீ வந்து படை. படைச்சதை உட்கார்ந்து சாப்பிடு. அப்புறம் முசிறிக்கு நானே வர்றேன், அந்தம்மா கால்ல விழணும்னாலும் விழறேன்'னார்.

பாருங்க, இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நான் பொண்ணு விஷயமாப் போனா, அவர் பழைய கணக்கைக் கொண்டு வந்து வைக்கிறார். வயசானவங்க கோபம் இப்படித்தான். நான் மறுத்துப் பேசல. பார்க்கலாம் சித்தப்பான்னு சொல்லிட்டு வந்தேன். அந்தத் தேதியில எனக்கு பெங்களூர்ல ஒரு கூட்டம் இருக்கு தம்பி, பல மாசத்துக்கு முன்னாடியே ஒத்துக்கிட்டது. உள்ளூர் உணவைப் பத்தி நான்தான் முக்கியமாப் பேசணும், நோட்டீஸ்ல பேரெல்லாம் போட்டாங்க. திடீர்னு வரமாட்டேன்னு எப்படி...

சுகந்தி, ஏன் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிற? தம்பிக்கு மோர் ஊத்து.

நீங்களும் ஏன் கையை நிறுத்திட்டீங்க?

...ம்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? பெங்களூர். ஆமா. உள்ளூர்ல விளையறது எதுன்னு பேசணும் அங்க. பேசிடலாம். இருபது கல்லுல என்னென்ன விளையுதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்.

எது எப்ப இலைக்கு வரும்னு யாராவது எழுந்து கேட்டா?

இல்ல, ஒண்ணுமில்ல. நம்பரைச் சுகந்தி குடுப்பா, வாங்கிக்கங்க. நல்ல பசங்கதான். காய் எதுன்னு மட்டும் உங்க வீட்டுப் பெரியவங்க சொல்லட்டும். தங்கச்சி கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்.

சாப்பாடு போதுமா? இன்னும் ஒரு கை? சரி. எழுந்திருங்க, பின்பக்கம் தண்ணி இருக்கு.

இருங்க. இலையை மடிக்கணும்ல. மடிங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.